விட்டுப்போன சின்ன ‘ஏ’

அக்கா போன் செய்தபோது இரவு எட்டேகால். கடையில் கூட்டம் நிற்கிற நேரம்; சாதாரணமாக அந்த நேரத்தில் கூப்பிட மாட்டாள். எடுத்ததும், “தம்பி, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை மாத்திட்டியாடா?” என்றாள்.

நான் எதையும் மாற்றவில்லை. சென்னைக்குத் திரும்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அத்தானுக்கு விருதுநகரில் பலசரக்குக் கடை. பில் போடுகிற கம்ப்யூட்டரில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தவன் நான். அதனால் அந்தப் பெட்டிக்கு இருமல் வந்தாலும் எனக்குத்தான் போன் வரும். அன்றைக்குப் புதிதாக ஒரு பில் பிரின்டர் வாங்கியிருக்கிறார்கள். அதைச் சேர்க்கப் போனால் கம்ப்யூட்டர் கடவுச்சொல் கேட்கிறது; கொடுத்தால் தவறு என்கிறது. அக்கா ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக, மூன்று தரம் அடித்துப் பார்த்துவிட்டாள்.

“அணைச்சுப் போட்டும் பார்த்துட்டேன். உள்ள நுழையுறப்போ அதே பாஸ்வேர்டை ஏத்துக்குது. பிரின்டருக்கு மட்டும் ஏத்துக்க மாட்டேங்குது.”

நோய் என்ன என்பது அந்தப் பேச்சிலேயே இருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை. கேப்ஸ் லாக் எரிகிறதா, விசைப்பலகை தமிழில் நிற்கிறதா என்று கேட்டுக் கேட்டே கால் மணி நேரம் போனது. இப்போது யாராவது இப்படிக் கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது, லாகின் ஆகிறதா இல்லையா என்பதைத்தான். லாகினே ஆகவில்லை என்றால் கடவுச்சொல் சிக்கல். லாகின் ஆகிறது, நிர்வாக வேலைக்கு மட்டும் அதே சொல் செல்லவில்லை என்றால் கடவுச்சொல்லில் கோளாறு இல்லை. அந்தப் பயனரின் நிர்வாக உரிமை போய்விட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு.

அப்படியென்றால் ‘உனக்கு உரிமை இல்லை’ என்றுதானே சொல்ல வேண்டும், ஏன் கடவுச்சொல் தவறு என்கிறது? உபுண்டுவில் நிர்வாகி என்றால் சூடோ என்ற குழுவில் இருப்பவர். அந்தக் குழுவில் ஒருவருமே இல்லாமல் போனால், திரையில் வருகிற சின்னப் பெட்டி, எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனரின் கடவுச்சொல்லைக் கேட்க ஆரம்பித்துவிடும். உபுண்டுவில் ரூட் கணக்கு நிறுவும்போதே பூட்டப்பட்டுவிடுகிறது. அதற்குக் கடவுச்சொல் என்றே ஒன்று கிடையாது. அக்கா விடிய விடிய அடித்தாலும் திறக்காது.

கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். கத்தரிப்பூ நிறத்தில், கட்டளைகளை எழுத்தாக அடிக்கிற டெர்மினல் ஜன்னல் வந்தது. “ஜி, ஆர், ஓ, யு, பி, எஸ். அடிச்சு என்டர் தட்டு.”

“ரெண்டே ரெண்டு வார்த்தைதான்டா வருது. கடை. அப்புறம் டயல்… டயல்அவுட்.”

கடை என்பது அந்தக் கணக்கின் பெயர். நிறுவும்போது உருவாகிற முதல் பயனருக்கு அந்த இடத்தில் எட்டு ஒன்பது குழுக்கள் வரிசையாக வர வேண்டும். டயல்அவுட் என்று காதில் விழுந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அந்தப் பெயரைச் சேர்த்தவன் நான்.

சந்தேகத்துக்கு, நிர்வாகியாக வேலை செய்ய வைக்கிற சூடோ கட்டளையையும் அடிக்கச் சொன்னேன். “சூடோவா? அது யாருடா?” என்று கேட்டுக்கொண்டே அடித்தவள், வந்த ஆங்கில வாக்கியத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள். கடை என்பவர் சூடோயர்ஸ் கோப்பில், அதாவது சூடோ உரிமை யாருக்கு என்று எழுதியிருக்கும் கோப்பில், இல்லை, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும் என்று அதற்குப் பொருள். “யார்கிட்டடா தெரிவிப்பாங்க? போலீஸ்லயா?” என்றாள். அது அந்தக் கம்ப்யூட்டரின் பதிவுக் கோப்பில் ஒரு வரியாக விழும், அவ்வளவுதான். அந்தப் பதிவைப் படிக்கிற உரிமையும் இப்போது அவளுக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

ஒன்பது நாளைக்கு முன்னால் நடந்தது இது. அத்தான் கடையில் எலக்ட்ரானிக் தராசு உண்டு. அதன் பின்பக்கம் ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட் இருக்கிறது. அதில் ஒரு வயரைச் செருகி, மறுமுனையை யுஎஸ்பியில் கொடுத்தால் எடை நேரே பில்லில் வந்து விழும்படி பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதியிருந்தேன். வயரைச் செருகினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. அதில் பாதி நாள் போனது. கடைசியில் பார்த்தால், பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, அந்த வயரில் சீரியலை யுஎஸ்பியாக மாற்றுகிற சிஎச்340 சில்லைத் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. 22.04இல் இது பலர் மாட்டிக்கொண்ட இடம். கடையில் பிரெய்ல் கருவி இல்லை. அந்தச் சேவையை நீக்கினேன். போர்ட் வந்தது. ஆனால் திறக்க அனுமதி இல்லை என்றது.

சீரியல் போர்ட்டைத் தொட வேண்டுமானால் டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும். தொலைபேசி வழியாக மோடம் டயல் செய்த காலத்துப் பெயர், இன்னும் அப்படியே இருக்கிறது. குழுவில் சேர்க்கும் கட்டளை எனக்கு மனப்பாடம்: யூசர்மாட், ஒரு கோடு, சின்ன ஏ, பெரிய ஜி, குழுவின் பெயர், பயனர் பெயர். முத்துநகர் எக்ஸ்பிரஸுக்கு நேரமாகிவிட்டது என்று அத்தான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நிற்க, அவசரத்தில் நான் அடித்ததில் அந்தச் சின்ன ஏ விட்டுப்போனது.

பெரிய ஜி மட்டும் இருந்தால், ‘இந்தப் பயனரின் கூடுதல் குழுக்கள் இவை மட்டுமே, மற்ற எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிடு’ என்று அர்த்தம். சின்ன ஏ சேர்ந்தால்தான் ‘இருப்பதோடு இதையும் சேர்’. ஓர் எழுத்தில் இவ்வளவு வித்தியாசம் வைத்தவரை என்ன சொல்வது. கட்டளை ஒரு வார்த்தை பேசாமல், எச்சரிக்கை கொடுக்காமல், சொன்னதைச் செய்துவிட்டு நின்றது. சூடோ போனது, பிரின்டர் உரிமை போனது, எல்லாம் போனது. நான் திரும்பி லாகின் செய்து, தராசில் கொஞ்சம் உளுந்தை வைத்துப் பார்த்தேன். எடை திரையில் வந்தது. அக்காவுக்குப் பெருமை, எனக்கும்தான். ரயில் ஏறிவிட்டேன்.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத ஒன்று உண்டு. குழு மாற்றம் அடுத்த லாகினில்தான் செல்லுபடியாகும். அதாவது, அந்தக் கட்டளையை அடித்த டெர்மினலுக்குப் பழைய உரிமை இன்னும் மிச்சம் இருந்தது. லாகவுட் செய்யும் முன் அந்தப் பயனர் பெயரோடு குரூப்ஸ் கட்டளையை ஒரு தரம் ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அங்கேயே ஒரு வரியில் சரிசெய்திருக்கலாம். அன்றிலிருந்து நிர்வாக உரிமையைத் தொடுகிற எந்த மாற்றமாக இருந்தாலும், ஒரு டெர்மினலை ரூட்டாகத் திறந்து வைத்துவிட்டு, வேறொன்றில் புதிதாக லாகின் செய்து சூடோ வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே முதலாவதை மூடுகிறேன்.

சரி, கடைக்கு வருவோம். ஒன்பதரைக்குக் கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தோம். போன் ஸ்பீக்கரில், அக்கா விசைப்பலகையில், அத்தான் பக்கத்தில் நின்று மேற்பார்வை.

உரிமை இழந்த பயனர் உள்ளே இருந்துகொண்டே உரிமையைத் திரும்பப் பெற முடியாது. கம்ப்யூட்டர் எழும்போதே குறுக்கே நிற்க வேண்டும். இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கிற கிரப் என்ற நிரலின் மெனு வந்தால், அதில் மேம்பட்ட விருப்பங்கள் என்ற வரிக்குள் போய், ரெகவரி மோட் (பழுதுபார்க்கும் நிலை) என்று முடிகிற வரியைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே ஒரு இயங்குதளம் இருக்கிற கம்ப்யூட்டரில் இந்த மெனு கண்ணில் படாது. கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் மென்பொருள் பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்; புதிய யுஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப் விசையைத் தட்ட வேண்டும். கடையில் இருந்தது இரண்டாவது ரகம்.

“எஸ்கேப்பைத் தட்டு” என்றேன். எத்தனை தரம் என்று சொல்லவில்லை. அக்கா கதவைத் தட்டுகிற மாதிரி தட்டியிருக்கிறாள். மெனு வந்த வேகத்தில் அதையும் தாண்டிப்போய், கறுப்புத் திரையில் கிரப் என்ற சொல்லும் ஒரு அம்புக்குறியும் மட்டும் நின்றது.

“போச்சா?” என்றார் அத்தான்.

போகவில்லை. அது கிரப்பின் கட்டளை வரி. எதையும் அழிக்காது. கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் அழுத்தி மறுபடி எழுப்பினோம். தயாரிப்பாளரின் சின்னம் மறையும் நேரம் பார்த்து ஒரே ஒரு தட்டு. இரண்டு தரம் தப்பி, மூன்றாவது தரம் மெனு வந்தது. இதற்குக் கை வாகு வேண்டும், வேறு வழியில்லை.

ரெகவரி மோடில் நுழைந்ததும் ஒரு பட்டியல் வரும். அதன் தலைப்பிலேயே கோப்பு முறைமை இப்போது படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கிறதா, எழுதவும் முடியுமா என்று போட்டிருக்கும். அதைக் கட்டாயம் பாருங்கள். கீழே ரூட் என்ற வரிக்குப் போய் என்டர் தட்டி, பராமரிப்புக்கு மறுபடி என்டர் தட்டச் சொல்லும்போது தட்டினால், கடவுச்சொல் கேட்காமலே ரூட் நிற்கும். வரியின் கடைசியில் டாலர் குறிக்குப் பதிலாக ஹாஷ் குறி. அக்கா அதை “கோலம் மாதிரி ஒண்ணு” என்றாள்.

எங்கள் திரையில் படிக்க மட்டும் என்று இருந்தது. அந்த நிலையில் யூசர்மாட் ஓட்டினால், கடவுச்சொல் கோப்பைப் பூட்ட முடியவில்லை, பிறகு முயலுங்கள் என்று சொல்லும். பிறகு எவ்வளவு முயன்றாலும் அதையேதான் சொல்லும். கடவுச்சொல்லை மாற்றுகிற பாஸ்வேர்ட் கட்டளை என்றால் டோக்கன் கையாளுதலில் பிழை என்று இன்னும் புரியாத ஒன்றைச் சொல்லும். இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வட்டு எழுதும் நிலையில் இல்லை. மவுன்ட் கட்டளையால் அதை எழுதும் நிலையில் மறுபடி ஏற்ற வேண்டும்.

போனில் ஒரு லினக்ஸ் கட்டளையைச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். “எம், ஓ, யு, என், டி.” “எம்மா என்னா?” “முதல்ல எம், மதுரைக்கு வர்ற எம். பின்னாடி என், நாகர்கோவிலுக்கு வர்ற என்.” “சரி.” “ஒரு இடம் விடு. கோடு போடு.” “எந்தக் கோடு?” “சைபருக்குப் பக்கத்துல இருக்கு பாரு, அது. ஒட்டி சின்ன ஓ. இடம் விடு. ரீமவுன்ட். கமா. கமாவுக்கு அப்புறம் இடம் விடக்கூடாது. ஆர், டபிள்யூ. இடம். சாய்கோடு.” “அது ரெண்டு இருக்கேடா, இப்பிடி ஒண்ணு அப்பிடி ஒண்ணு.” “கேள்விக்குறி இருக்கிற பட்டன்.”

ஒரு வரிக்கு நாலு நிமிடம். என்டர் தட்டும் முன் ஒவ்வொரு வரியையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். ரூட்டாக நிற்கும்போது ஒரு சாய்கோடு இடம் மாறினால் என்ன ஆகும் என்று அக்காவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த போட்டோ வழக்கம் பிறகு இரண்டு தரம் காப்பாற்றியது.

மவுன்ட் ஆனது. இனி நேராகச் சூடோ குழுவில் சேர்த்துவிட்டு வெளியே வந்திருக்கலாம். அதற்கு முன்னால் ஒரு கோப்பைப் பார்க்க நினைத்தேன். அன்று நான் உருப்படியாகச் செய்த வேலை இது ஒன்றுதான். குழு விவரங்கள், அமைப்புக் கோப்புகள் இருக்கிற இடிசி அடைவில் குரூப் என்ற கோப்பில் இருக்கின்றன. யூசர்மாட் போன்ற கருவிகள் அதை மாற்றும்போது, மாற்றுவதற்கு முந்தைய நிலையை அதே இடத்தில், அதே பெயருக்குப் பின்னால் ஒரு சின்னக் கோட்டைச் சேர்த்துப் பத்திரப்படுத்துகின்றன. ஒரே ஒரு தலைமுறைதான். அடுத்த மாற்றம் நடந்தால் அது மேலெழுதப்பட்டுவிடும். ஆக, எந்தச் சரிசெய்தலையும் தொடங்கும் முன் அந்தக் கோட்டு வால் வைத்த கோப்பைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கட்டளையைத் தவறாக ஓட்டினீர்கள் என்றால் தடயம் போயிற்று.

கிரெப் கட்டளையால் அந்தக் கோப்பில் கடை என்ற பெயர் வருகிற வரிகளை மட்டும் எடுக்கச் சொன்னேன். போட்டோ வந்தது. ஏடிஎம் என்று முதல் வரி. அக்கா, “இதுல எதுக்குடா ஏடிஎம்மு?” என்றாள். அது பதிவுக் கோப்புகளைப் படிக்கிற குழு. பணம் எடுக்க அல்ல. பிறகு சிடிராம், சூடோ, டிப், பிளக்டெவ், எல்பிஅட்மின், எல்எக்ஸ்டி, சாம்பாஷேர். நான் ஓர் எழுத்தால் துடைத்துப்போட்டவை அத்தனையும் வரிசையாக நின்றன.

அத்தான் குறுக்கே புகுந்தார். “மாப்ள, பழைய கோப்பு இருக்குல்ல, அதையே எடுத்து இங்க வச்சிட்டா முடிஞ்சுதே?” நல்ல கேள்வி. பார்க்கச் சுலபமான வழிதான். ஆனால் அந்தப் பழைய பட்டியலில் டயல்அவுட்டில் கடையின் பெயர் இல்லை. வைத்தால் தராசு போய்விடும். தவிர, குழுக்களுக்கு ஜிஷேடோ என்று இன்னொரு கோப்பும் உண்டு. ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் முரண்படும். கருவிகளைக் கொண்டு மாற்றுவதே ஒழுங்கு.

எட்டையும் திருப்பிச் சேர்க்கவும் இல்லை. எல்எக்ஸ்டி என்பது கன்டெய்னர்களை, அதாவது கம்ப்யூட்டருக்குள் தனித்தனியாக ஓடும் குட்டி லினக்ஸ்களை, நிர்வகிக்கிற குழு; அதில் இருக்கிறவர் கிட்டத்தட்ட ரூட்டுக்குச் சமம். பலசரக்குக் கடையில் கன்டெய்னர் ஓட்டப்போவது யார்? டிப் என்பதும் மோடம் காலத்தது. ஏடிஎம், சூடோ, பிளக்டெவ், எல்பிஅட்மின் நான்கு போதும் என்று முடிவு செய்தேன். கடைசியில் இருப்பது பிரின்டர் மேலாண்மைக்கானது. இத்தனை கூத்துக்கும் தொடக்கப்புள்ளியே அந்த பிரின்டர்தானே.

பழக்க தோஷத்தில் மறுபடி யூசர்மாட்டையே சொன்னேன். சின்ன ஏ, பெரிய ஜி என்று அழுத்தம் திருத்தமாகச் சொல்லியும் அக்கா இரண்டையும் சின்னதாக அடித்திருந்தாள். போட்டோ வருவதற்குள் என்டரும் தட்டியாயிற்று. நல்லவேளை, சின்ன ஏ என்பது பெரிய ஜியோடு மட்டும்தான் சேரும் என்று திட்டிவிட்டு அது எதையும் செய்யாமல் நின்றுவிட்டது. சின்ன ஜி தனியாக வந்திருந்தால் முதன்மைக் குழுவையே மாற்றியிருக்கும்.

அப்போதுதான் புத்தி வந்தது. டெபியன், உபுண்டு குடும்பத்தில் ஆட்யூசர் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதற்குப் பின்னால் பயனர் பெயர், ஓர் இடம், குழுவின் பெயர். அவ்வளவுதான். கோடும் கிடையாது, பெரிய எழுத்து சின்ன எழுத்துத் தகராறும் கிடையாது. முக்கியமாக, இந்த வடிவத்தில் அது சேர்க்க மட்டும் செய்யும், எதிலிருந்தும் எடுக்காது. ஜிபாஸ்வேர்ட் கட்டளையும் சின்ன ஏ-யோடு இதையே செய்யும்; மற்ற லினக்ஸ்களில் அது கைகொடுக்கும். நாலு குழுவுக்கு நாலு வரி. ஒவ்வொன்றுக்கும் சேர்க்கிறேன், முடிந்தது என்று திரை பதில் சொல்ல, அக்காவும் உற்சாகமாகிவிட்டாள். நான் யூசர்மாட்டை ஸ்டைலுக்காகவே இத்தனை வருடம் பயன்படுத்திக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். இப்போது குழுவில் சேர்க்க அதைத் தொடுவதில்லை.

ஐடி என்று அடித்து, பக்கத்தில் கடை என்று போட்டால் இப்போதைய குழுக்கள் எல்லாம் வரும். போட்டோ வாங்கிப் பார்த்தேன். சூடோ இருந்தது. டயல்அவுட்டும் இருந்தது. அதற்குப் பிறகே ரீபூட்.

லாகின். டெர்மினல். சூடோ, இடம், ஹூ-ஆம்-ஐ. கடவுச்சொல் கேட்டது. “அடிக்கிறேன், ஒண்ணுமே தெரியலையேடா” என்று பதறினாள். டெர்மினலில் கடவுச்சொல் அடிக்கும்போது புள்ளிகூடத் தெரியாது என்பதை நான் சொல்ல மறந்திருந்தேன். அடித்து முடித்தாள். பதில்: ரூட்.

உரிமை போகாமல் கடவுச்சொல்தான் மறந்தது என்றால் வேலை இதைவிடச் சின்னது. அதே ரெகவரி மோட், அதே மவுன்ட், பிறகு பாஸ்வேர்ட் கட்டளையோடு பயனர் பெயர். புதியதை இரண்டு தரம் கொடுத்தால் போதும். லாகின் ஆன பிறகு, சேமித்த கடவுச்சொற்களை வைத்திருக்கும் கீரிங் மட்டும் பழைய சொல்லையே கேட்டுக்கொண்டிருக்கும். அதைத் திறக்கப் பழைய சொல் வேண்டும், அது நினைவில் இல்லையென்றால் அந்தக் கீரிங்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

சூடோயர்ஸ் கோப்பைக் கையால் திருத்தி ஒரு பிழை வைத்துவிட்டு, சூடோவே ஓட மறுக்கிற நிலை இன்னொன்று. அங்கே உங்கள் குழு உரிமை அப்படியே இருக்கிறது, கோப்புதான் கெட்டுப்போயிருக்கிறது. டெஸ்க்டாப்பில் உட்கார்ந்திருந்தால் ரெகவரி எல்லாம் தேவையில்லை. பிகேஎக்ஸெக் விசூடோ என்று ஓட்டினால், சூடோவின் வழியே போகாமல் வேறு வழியில் அனுமதி கேட்டுத் திறக்கும். விசூடோ சேமிக்கும் முன் இலக்கணம் சரிபார்க்கும். அதை விட்டுவிட்டுச் சாதாரண எடிட்டரில் அந்தக் கோப்பைத் திறக்கிறவர்கள் ஒரு தரம் பட்டபின் திறப்பதில்லை. எங்கள் வழக்கில் இந்த வழியும் அடைபட்டிருந்தது, ஏனென்றால் அதுவும் நிர்வாகி யார் என்று அதே குழுவைத்தான் பார்க்கும்.

டெபியனில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். என் பழைய லேப்டாப்பில் ரூட் கடவுச்சொல் வைக்காமல் நிறுவியிருந்தேன். ரெகவரிக்குப் போனால், ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது, கன்சோலைத் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அங்கே கிரப் மெனுவில் அந்த வரியின் மேல் நின்று ஈ விசையைத் தட்ட வேண்டும். துவக்க வரிகள் திருத்தும் நிலையில் திறக்கும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியைத் தேடி, அதில் ஆர்ஓ என்று இருப்பதை ஆர்டபிள்யூ ஆக்கி, கடைசியில் ஐஎன்ஐடி சமம் சாய்கோடு பிஐஎன் சாய்கோடு பாஷ் என்று சேர்த்து, எஃப்10 அழுத்தினால் நேராக ரூட்டின் கட்டளை வரி. இந்தத் திருத்தம் அந்த ஒரு துவக்கத்துக்கு மட்டுமே. நிரந்தரமாக எதுவும் மாறாது. வேலை முடிந்ததும், மாற்றங்களை வட்டில் எழுதி முடிக்கிற சிங்க் கட்டளையை அடித்துவிட்டு, ரீபூட்டோடு கோடு எஃப் சேர்த்து அடிக்க வேண்டும். வெறும் ரீபூட் அங்கே கேட்காது, அதைக் கேட்க வேண்டிய, சேவைகளையெல்லாம் தொடங்கி வைக்கிற சிஸ்டம்டி எழுந்திருக்கவே இல்லை. எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு உள்ள ரெட் ஹாட் லினக்ஸ் குடும்பத்தில் இப்படிக் கடவுச்சொல் மாற்றினால், வெறும் சாய்கோட்டால் குறிக்கிற உச்சி அடைவில் ஆட்டோரீலேபிள் என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளி வைத்து, ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிவிட்டு வர வேண்டும். மறந்தால் சரியான கடவுச்சொல்லையே அது மறுக்கும்.

வட்டு லக்ஸ் முறையில் குறியாக்கம் செய்யப்பட்டு, அதன் கடவுச்சொற்றொடரும் மறந்துபோனால், மேலே சொன்ன எதுவும் உதவாது. பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டுகிற லைவ் யுஎஸ்பியும் உதவாது. தெரிந்தவர் தெரியாதவர் யாரும் உதவ முடியாது.

பத்தே முக்காலுக்கு எல்லாம் முடிந்து நான் தண்ணீர் குடிக்கப் போனபோது அத்தான் மெதுவாகக் கேட்டார். “ஏன் மாப்ள, உங்க அக்காவே போன்ல கேட்டு அரை மணி நேரத்துல உள்ள போயிட்டா. அப்ப கடைக்குள்ள வர்ற எவனும் போயிரலாமா?”

போகலாம். பெட்டியையே கைக்குள் வைத்திருக்கிறவனுக்கு முன்னால் லாகின் கடவுச்சொல் ஒரு மரியாதைக்குத்தான். கிரப்புக்குக் கடவுச்சொல் வைக்கலாம். வட்டைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டால் அதுவும் பயனற்றது. உண்மையான தடுப்பு குறியாக்கம். ஆனால் தினமும் காலையில் அக்கா இன்னொரு நீளமான சொல்லை அடிக்க வேண்டும், மறந்தால் மொத்தக் கணக்கும் போகும். அலுவலக லேப்டாப் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், குறியாக்கம்தான். கடைக்கு யோசித்தேன். ஷட்டரில் ஒன்றுக்கு இரண்டு திண்டுக்கல் பூட்டு தொங்குகிறது. தினமும் இரவு பில் கணக்கு ஒரு பென் டிரைவில் நகலாகி அத்தானோடு வீட்டுக்குப் போகிறது. இப்போதைக்கு இது போதும் என்றேன். வேறு யாராவது வேறு மாதிரி முடிவு செய்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஒன்று மட்டும் அன்றே செய்ய வைத்தேன். இரண்டாவதாக ஒரு நிர்வாகக் கணக்கு. ஒரே ஒருவருக்கு மட்டும் சூடோ இருந்தால் என்ன ஆகும் என்றுதான் பார்த்துவிட்டோமே. ஆட்யூசர் கட்டளையால் புதிய பயனர், அதே கட்டளையால் சூடோ குழு, பிறகு நிஜமாகவே அந்தக் கணக்கில் லாகின் செய்து சூடோ ஓட்டிப் பார்த்தல். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு, கல்லாப்பெட்டியின் அடித்தட்டில். தாளில் எழுதலாமா என்று கேட்பார்கள். பணம் இருக்கிற இடத்தைவிடப் பத்திரமான இடம் கடையில் எது?

மறுநாள் நான் தொலைவிலிருந்து உள்ளே போய்ப் பழைய பதிவுகளைப் புரட்டினேன். ஒன்பது நாள் ஆனதால், லாகின், சூடோ விவரங்கள் விழுகிற ஆத்.லாக் கோப்பு சுழன்று அடுத்த கோப்புக்குப் போயிருந்தது. அதில் இருந்தது: சூடோ குழுவிலிருந்து கடையை நீக்கியதாக ஒரு வரி, அதற்கு மேலே ஓர் எழுத்துகூடப் பிசகாமல் நான் அடித்த கட்டளை, ரயிலுக்கு முக்கால் மணி நேரம் முன்பு. வேறு யார்மேலும் பழிபோட வழியில்லை.

அதற்கு முந்தைய இரவுக்கே திரும்புகிறேன். பதினொன்றேகாலுக்கு அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. புது பிரின்டரில் அடித்த முதல் பில். உளுந்தம் பருப்பு, 0.252 கிலோ. கீழே குரல் செய்தி: “எடை தானா வந்துச்சுடா. நான் அடிக்கல.”